கம்பி முடிகிற இடத்தில் நான் மறித்த கூட்ஸ்

கீழக்கரைவெளி,
திருவாரூர் வழி.
மாசி 9 (21-2-2022)

அன்பு மகள் அறிவுக்கொடிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேளாவேளைக்குச் சண்டை போட்டு நன்றாகவே இருக்கிறோம். அந்த ஜெர்மனிக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியது. உன் தை மாதக் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கிறது என்று எழுதியிருந்தாய், அதைப் படித்துக் காட்டியதிலிருந்து உன் அம்மாவுக்கு வெயிலில் நின்றாலும் நடுங்குகிறது, காதை மூடித் தொப்பி போடச் சொல் என்று நாலு தரம் சொல்லிவிட்டாள், எழுதிவிட்டேன். கல்யாணப் பேச்சு எதுவும் இந்தக் கடிதத்தில் வரக்கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், அப்படி எழுதாமல் இருப்பதை நீ கவனிக்க வேண்டும் என்று எழுதச் சொல்கிறாள். இதையெல்லாம் போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தால் உன் அம்மா ரெங்கம்மாள் எனக்கு இரண்டு நிமிடம்கூட விடுவதில்லை, அது ஒன்று. இன்னொன்று, நான் சொல்லப்போகிற சங்கதியை வாயால் சொன்னால் நீ சிரிப்பாய், நான் வெட்கப்பட்டுப் பாதியில் நிறுத்திவிடுவேன். எழுதினால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

முதலில் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. கார்த்திகையில் சர்வேயரும் ரயில்வே ஆட்களும் வந்து நம் ஆறு மா, ரெண்டு ஏக்கர் நிலத்தில் நாலு மாவை அளந்து மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டுவிட்டுப் போனார்கள். தூர தேசத்தில் தனியாக இருக்கிற பெண்ணுக்கு இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நான்தான் உன் அம்மா வாயைக் கட்டினேன். விஷயம் இதுதான். திருவாரூர் தாண்டிக் கொஞ்ச தூரம் தண்டவாளத்துக்கு மேலே கரண்ட் கம்பி போட்டுவிட்டார்கள், அந்தக் கம்பி நம் ஊர் ரயில்வே கேட்டுக்குச் சற்று முன்னால் வந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை போகிற லயன் முழுக்க டீசல்தான். அந்தப் பக்கம் கொள்முதல் ஆகிற நெல் டீசல் எஞ்சினில் வரும், திருவாரூரில் அதைக் கழற்றி கரண்ட் எஞ்சினை மாட்டி, பெட்டிகளுக்குக் காற்று ஏற்றி, பிரேக் பார்த்து அனுப்ப ஒரு மணி நேரம் ஆகும். அங்கே லயன் காலி இல்லாவிட்டால் கூட்ஸ் நம் கேட்டை மறித்துக்கொண்டு நிற்கும். கேட் கீப்பர் ஹமீதா பானு இரண்டு பக்கத்து ஜனங்களிடமும் வாங்குகிற திட்டு கொஞ்சமில்லை. போன வருஷம் இப்படி வண்டி தாமதமாகி, முத்துப்பேட்டைப் பக்கம் திறந்தவெளியில் கிடந்த நெல் மழையில் முளைத்தே போனது. அதனால் எஞ்சின் மாற்றுவதற்கென்றே நம் கேட்டை ஒட்டி ஒரு யார்டு, அதற்குத்தான் நம் நாலு மா.

உன் தாத்தா காத்தான் பண்ணையாளாக இருந்து, கூலிக்கும் நிலத்துக்கும் நடந்த சண்டையில் மண்டை உடைந்து, நாலு மாதம் ஜெயிலில் கிடந்து, பிறகு உச்சவரம்பு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட வரிசையில் நின்று வாங்கிய பட்டா அது. நம் வம்சத்தின் பெயர் ஏறிய முதல் காகிதம். தாலுக்கா ஆபீசில் ஆட்சேபணை விசாரணை வைத்தார்கள். நான் விவசாயச் சங்கத்து ஆட்களோடு போய் இதையெல்லாம் சொன்னேன், பொறுமையாகத்தான் கேட்டார்கள். கேட்டுவிட்டு அங்கே இருந்த ஒருவர், எல்லாம் சரி பெரியவரே, கம்பி இங்க முடியுது, எஞ்சின மாத்த எடம் வேணுமா வேணாமா, நீங்களே ரயில்வேயில இருந்தவர்தானே சொல்லுங்க என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. முப்பத்தொரு வருஷம் தண்டவாளம் பார்க்கிற கீமேனாகச் சுத்தியலைத் தோளில் போட்டு இந்த லயனை நடந்தே தேய்த்தவன் நான். இடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன். மற்றவர்கள் கோஷம் போட்டார்கள், நான் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கே நிலம் போய்விட்டது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

தை பிறந்து கதிர் பழுத்தது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்போமே, இந்த வருஷம் கல் நட்ட இடத்தில் வேண்டாம், யாருக்கோ போகிற மண் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் உன் அம்மா மடி நிறைய விதையைக் கட்டிக்கொண்டு கல்லுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தெளித்துக்கொண்டிருக்கிறாள். ஏன்டி என்றேன். கல்லு கல்லா இருக்கட்டும், ஈரம் ஈரமாத்தானே இருக்கு, அத ஏன் வீணாக்கணும்னேன் என்றாள். அவளிடம் பேசி நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்.

இனிமேல்தான் நீ சிரிக்கப்போகிற இடம். தை இருபத்தேழு, புதன்கிழமை, காலை எட்டரை மணி இருக்கும். அறுப்பு மெஷின் வருவதாக இருந்ததால் அது திரும்புவதற்கு வசதியாக மூலைகளைக் கையால் அறுத்துக்கொண்டிருந்தோம், நானும் அம்மாவும் தெருப் பெண்கள் நாலு பேரும். திருவாரூர் பக்கமிருந்து யூரியா ஏற்றிய கூட்ஸ் ஒன்று மெதுவாக வந்தது. நிமிர்ந்து பார்த்தேன், பார்த்த கண்ணை நம்ப முடியவில்லை. எஞ்சின் உச்சியில் கம்பியைத் தொடுகிற கை தூக்கியிருக்கிறது. கரண்ட் எஞ்சின், கம்பி இல்லாத லயனை நோக்கி வருகிறது! எவனோ லயன் மாற்றுகிற பாயிண்டைத் தப்பாகப் போட்டு விட்டிருக்கிறான் என்றுதான் தோன்றியது. எங்கேயோ ஒரு ஊரில் இப்படி நடந்து, கம்பி அறுந்து எஞ்சின் மேலேயே விழுந்த கதையை யூனியன் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். அரிவாளைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினேன் ஆயி. அறுபத்தாறு வயசில் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. தோளில் கிடந்த சங்கத்துச் சிவப்புத் துண்டை உருவி, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நின்று, சர்வீஸில் இருந்தபோது கற்றுக்கொடுத்த மாதிரியே வீசினேன். ஹமீதா பானு கேட்டிலிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறாள், அது அவளும் ஆபத்து என்று கத்துவதாகவே எனக்குப் பட்டது, இன்னும் வேகமாக வீசினேன். கம்பி முடிகிறதுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கை தானாகப் படுத்துக்கொண்டது. அப்பாடா, நின்றுவிடும் என்று பார்த்தால், உள்ளே குர்ரென்று ஒரு சத்தம் கிளம்பிப் புகை வருகிறது, வண்டி பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. என்னடா இது என்று திகைத்தேன், ஆனாலும் நகரவில்லை. பிரேக் கீச்சிட்டு, எனக்கு இரண்டு தென்னை மர தூரத்தில் வந்து நின்றது.

டிரைவர் துரைராசு என்று ஒரு தம்பி, இறங்கி வந்தவன் யோவ் பெரியவரே, சாவறதுக்கு ஒமக்கு வேற வண்டியே கெடைக்கலியா என்று பாய்ந்தான். நானும் விடவில்லை, தம்பி, கம்பி இல்லாத லயன்ல கரண்ட் எஞ்சினக் கொண்டாந்துட்டு என்னையவா கேக்குறீங்க என்றேன். அவன் என்னைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பின்னால் ஒரு பெண் அதிகாரி இறங்கி வந்தார்கள், உன் வயசுதான் இருக்கும், கையில் கடிகாரமும் ஒரு அட்டையும். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஐயா, இது ரெண்டுமா ஓடுற எஞ்சின், கம்பி இருந்தா கரண்ட்ல ஓடும், இல்லாத எடத்துல டீசல்ல ஓடும், ஓடிக்கிட்டே மாறிக்கும், நிக்க வேண்டியதே இல்ல என்றார்கள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து, நிக்காம போவுதான்னு பாக்கத்தான் இன்னிக்கு வந்தோம், இந்த கேட்டுக்கிட்ட எஞ்சின் மாத்துற யார்டு வேணுமா வேணாமான்னு எழுதணும், நீங்க நிறுத்திட்டீங்களே என்றார்கள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டேன். விசாரணையில் எனக்குக் கிடைக்காத பதில் எஞ்சினாகவே எதிரில் வந்திருக்கிறது, அதை நானே துண்டு வீசி மறித்திருக்கிறேன். அதற்குள் ஹமீதா பானு ஓடி வந்துவிட்டாள். வேணாண்ணே வேணாண்ணேன்னு தொண்டை கிழியக் கத்துனேனே, ஸ்டேஷன்லேர்ந்து காலையிலயே எனக்குச் சொல்லிட்டாங்க என்று மூச்சு வாங்கினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாரும் நிற்கும்போது, ஏண்ணே, நம்ம கொடி ஜெர்மனில இந்த மாதிரி எஞ்சின்லதானே வேலை பாக்குது, ஊருக்கு வந்தப்ப கேட்டுல ஒக்காந்து எனக்கே அம்புட்டும் வெளக்கிச் சொல்லுச்சே என்று கேட்டுவிட்டாள். அந்த அதிகாரி அம்மா ஆச்சரியமாக என்னைப் பார்த்து, உங்க பொண்ணு உங்ககிட்ட சொன்னதே இல்லீங்களா என்றார்கள். இல்லம்மா, சொன்னதில்ல என்றேன். இதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

இப்போது வண்டியைக் கிளப்ப வேண்டுமே. நான் நிறுத்திய இடம் சரியாக ஆற்றுப் பாலத்துக்கு ஏறுகிற மேடு. நாற்பத்திரண்டு பெட்டி, எல்லாம் யூரியா. துரைராசு தலையைச் சொறிந்துகொண்டு, மேடம், கம்பிக்குக் கீழன்னா இது யானை மாதிரி இழுக்கும், டீசல்ல அந்த பலம் பாதிகூட கெடையாது, ஓடிட்டிருந்தா ஏறியிருக்கும், நின்னுட்டு ஏறுமான்னு தெரியல, ஜங்ஷன்லேர்ந்து பின்னால தள்ள ஒரு எஞ்சின் கேட்டுடலாமா என்றான். வேறு எஞ்சின் வந்து தள்ளினால் அட்டையில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாதா. முதல் தரம் கிளப்பிப் பார்த்தான், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தேன், தைப் பனி காயாமல் எண்ணெய் பூசிய மாதிரி வழுக்குகிறது. எழுந்துபோய் அந்த அதிகாரியிடம், அம்மா, நான் இந்த லயன்ல கீமேனா இருந்தவன், பனி ஈரத்துலதான் சக்கரம் வழுக்குது, ஒரு பத்து நிமிஷம் குடுங்க, தொடச்சுத் தர்றோம் என்று கேட்டேன். அவர்கள் கொஞ்சம் யோசித்து, வண்டியை அசையாமல் பிரேக் போட்டு வைக்கச் சொல்லிவிட்டுச் சரி என்றார்கள். நான் வண்டியை மறித்த துண்டாலேயே ஒரு தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தால் உன் அம்மாவும் அறுப்புப் பெண்களும் சாக்கை எடுத்துக்கொண்டு வந்து மற்றத் தண்டவாளத்தில் குனிந்திருக்கிறார்கள். மறிக்கறதும் நீங்க, தொடைக்கறதும் நாங்களா என்று ரெங்கம்மாள் திட்டிக்கொண்டேதான் துடைத்தாள், ஆனால் அவள் துடைத்த பக்கம்தான் பளபளவென்று இருந்தது. பாலம் வரைக்கும் துடைத்துவிட்டு எல்லாரும் கீழே இறங்கி நின்றோம்.

துரைராசு சக்கரத்துக்கு மணலை விட்டுக்கொண்டு இரண்டாம் தரம் கிளப்பினான். எஞ்சின் உறுமுகிறது, நகரவில்லை. அப்புறம் முதல் பெட்டியின் கொக்கி டக்கென்றது, அடுத்தது டக், அடுத்தது டக், அப்படியே கடைசிப் பெட்டி வரைக்கும் சத்தம் ஓடியது. சக்கரம் ஒரு முழம் உருண்டது. உன் அம்மா என் கையைப் பிடித்தாள், கல்யாணத்தன்று பிடித்தது, அதற்கப்புறம் ஜனங்கள் எதிரில் பிடித்தது அன்றைக்குத்தான். ஆள் நடக்கிற வேகத்தில் மேடேறிப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது ஆயி. கடைசிப் பெட்டி மறைகிற வரைக்கும் நின்றோம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கத் துண்டைத் தேடினால் அது முழுக்கக் கருப்புப் பசை.

வண்டியை மறித்தது குற்றம்தானே, மறுநாள் திருவாரூரில் ரயில்வே போலீசில் போய் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஜெயிலுக்குப் போன குடும்பம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வேட்டியை மாற்றிக்கொண்டு போனேன். அந்த அதிகாரி அம்மா முன்னாலேயே எழுதி அனுப்பியிருக்கிறார்கள், ஆபத்து என்று நினைத்து நல்லெண்ணத்தில் செய்தார், யாருக்கும் சேதமில்லை என்று. அதோடு, பாரத்தோடு மேட்டில் நின்று டீசலில் கிளம்புகிற சோதனையைப் பின்னால் ஒரு நாள் வைப்பதாக இருந்தார்களாம், அது அன்றைக்கே முடிந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள் என்று அங்கே இருந்தவர் வாசித்துக் காட்டிவிட்டு, எச்சரித்து அனுப்பிவிட்டார். முந்தாநாள் நம் வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்து, யார்டு வேலை மறு உத்தரவு வரும் வரைக்கும் நிறுத்தி வைப்பு என்று தாலுக்கா ஆபீசுக்குக் காகிதம் வந்திருப்பதாகச் சொன்னார். ரத்து இல்லை, நிறுத்தி வைப்புதான். கல்லும் இன்னும் அப்படியே நிற்கிறது. ஆனால் சம்பா அறுத்து மாவுக்குப் பத்து மூட்டை கண்டது, அரிதாளுக்கு நடுவில் அம்மா தெளித்த உளுந்து இரண்டு இலை விட்டிருக்கிறது, கல்லைச் சுற்றியும்தான். மனசு நிறைந்து இருக்கிறோம். ஊரில்தான் எனக்குச் சிக்னல் தாத்தா என்று பெயர் வைத்துவிட்டார்கள், கேட் மூடியிருக்கும்போது அந்தப் பக்கம் போனால், அண்ணே தொறந்து விடச் சொல்லுங்கண்ணே என்று கேலி செய்கிறார்கள்.

இப்போது பின்னால் எழுதுகிறேன் என்றேனே, அது. சொன்னதில்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன், சோறு இறங்கவில்லை. பீரோவில் இருந்த உன் கடிதங்களை எல்லாம் எடுத்து முதலிலிருந்து படித்தேன். போனில் பேசுவது காற்றோடு போய்விடும், மாதம் ஒரு கடிதம் கைப்பட எழுது என்று உன்னிடம் கேட்டு வாங்கியவன் நான். நீயும் மூன்று வருஷமாகத் தவறாமல் எழுதுகிறாய். நான் என்ன செய்தேன் தெரியுமா. நன்றாக இருக்கிறேன் என்கிற முதல் பத்தியைப் படிப்பேன், அம்மாவுக்கு முத்தம் என்று முடிகிற கடைசிப் பத்தியைப் படிப்பேன். நடுவில் நீ எஞ்சினைப் பற்றி எழுதுவதெல்லாம் நமக்கெங்கே விளங்கப்போகிறது என்று தாண்டிவிடுவேன். தண்டவாளத்தில் முப்பத்தொரு வருஷம் நடந்தவனுக்கு, மகள் தனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறாள் என்பதில் ஒரு சின்ன வீம்பும் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு மத்தியானம் உட்கார்ந்து எல்லா நடுப் பத்திகளையும் படித்தேன், அம்மாவுக்கும் சத்தமாகப் படித்தேன். நீ எத்தனை அழகாக எழுதியிருக்கிறாய். கம்பி போடாத கிளை லயன்களுக்கும் துறைமுகத்துக்கும் சரக்கு நிற்காமல் போக வேண்டும் என்று, கரண்டிலிருந்து டீசலுக்கு மாறுகிற அந்தச் சில நொடியில் இழுவை அறுந்துபோகாமல் இருக்கத்தான் நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்று. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கடிதம் ஒன்றில், அப்பா, நம் ஊர் கேட் மாதிரி கம்பி முடிந்துபோகிற இடங்களை நினைத்துத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று எழுதியிருக்கிறாய். நான் கல்லைப் பற்றி உன்னிடம் மறைக்காமல் இருந்திருந்தாலும், நீ எழுதியதைத் தாண்டாமல் படித்திருந்தாலும், விசாரணையில் நாக்கு எழாமல் நின்றிருக்க மாட்டேன்.

பதினோரு கடிதத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது, எண்ணிப் பார்த்தேன். அப்பா, இது புரியவில்லை என்றால் எழுதுங்கள், படம் போட்டு அனுப்புகிறேன். பதினோரு தரம் கேட்டிருக்கிறாய், ஒரு தரம்கூட நான் பதில் எழுதவில்லை. திட்டாமல் அதற்கப்புறமும் மாதாமாதம் எழுதினாயே, அந்த மனசு உனக்கு உன் அம்மாவிடமிருந்து வந்திருக்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. பனியில் வழுக்காத செருப்புப் போடு, வழுக்கல் என்றால் என்ன என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். நீயும் உன் வேலையும் ஓங்கி நிற்க வேண்டும், அதுவே நாங்கள் இருவரும் உனக்குச் சொல்கிற வாழ்த்து. அடுத்த கடிதத்தில் நலம் என்று ஒரு வரி போதும், மிச்சத்தை எஞ்சினுக்கு விடு. மறந்துவிடாதே, உனக்கு நான் பதில் தர வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது, இப்போது தருகிறேன். எனக்குப் புரியவில்லை ஆயி. படம் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
கா. ஐயாவு
(ஓய்வு பெற்ற கீமேன்)